தொப்புளைச் சுற்றிப் பதினாலு

கொரோனா வந்துபோன பிறகு, விலங்கிலிருந்து மனிதனுக்குத் தாவும் சமாசாரத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். திருவானைக்காவல்காரர்களுக்கு இது பழைய கதை. அங்கே நாவல் மரத்தடியில் லிங்கம். மேலே சருகு விழாமலிருக்க ஒரு சிலந்தி வலை பின்னியது. ஒரு யானை காவிரியிலிருந்து துதிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்தது. யானைக்கு அந்த வலை வெறும் ஒட்டடை. சிலந்திக்கு அந்த யானை பெரிய ரௌடி. தினமும் இவர் பின்ன, அவர் பிய்க்க, கடைசியில் பொறுமையிழந்த சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்துவிட்டது. யானை துதிக்கையைத் தரையில் ஓங்கி அடிக்க, இரண்டும் காலி. யானைக்கு மோட்சம் கிடைத்தது. சிலந்தி சோழ ராஜகுடும்பத்துக்குத் தாவிக் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. பிறக்கும்போதே கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. எந்த டியூட்டி டாக்டருக்கும் சந்தேகம் வர வேண்டிய அறிகுறி.

ராஜா வளர்ந்தார். முன்ஜென்மப் பகையை மறக்கவில்லை. யானை ஏற முடியாத படிக்கட்டும், நுழைய முடியாத குறுகல் வாசலுமாக ஊர் ஊராக மாடக்கோயில் கட்டித் தள்ளினார். எழுபது என்று கணக்குச் சொல்வார்கள். ஆபத்தான விலங்கு வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது என்று கட்டட விதியில் எழுதிவைத்த முதல் நிர்வாகி அவராகத்தான் இருக்கவேண்டும். ஒரே ஒரு குறை. கடித்தது சிலந்தி, தடை போட்டது யானைக்கு. இப்படி ஆளை மாற்றிப் பிடிக்கும் வழக்கம் நம் சுகாதார நிர்வாகத்தில் அன்றே ஆரம்பித்துவிட்டது.

புராணம் போதும். கோப்புகளில் ஏறிய கதை நாயுடையது.

ஸ்ரீரங்கத்தில் நாய்க்கு உத்தியோகம் கிடையாது. பெருமாள் யானை மேல் வருவார், குதிரை மேல் வருவார், கருடன், அனுமார், சேஷன் என்று எல்லோருக்கும் ஒரு நாள் டியூட்டி உண்டு. நாயை மட்டும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அது பைரவர் வாகனம், சிவன் கோயில் ஸ்டாஃப். அதனால் ஸ்ரீரங்கத்து நாய்கள் சித்திரை வீதிக்கும் உத்திர வீதிக்கும் நடுவில், எந்தப் பொறுப்பும் இல்லாமல், தளிகையில் மிஞ்சியதைத் தின்று, நடுராத்திரி ஸ்கூட்டரைத் துரத்தி, சௌக்கியமாக இருக்கின்றன. எப்போதாவது ஒன்றுக்கு வெறி பிடிக்கும். அப்போதுதான் ஊருக்கு அதன் ஞாபகம் வரும்.

வெறிநாய்க்கடிக்கு நம் முன்னோர்களிடம் மருந்துக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அதுதான் பிரச்சினை. சுச்ருதர் நோயைச் சரியாகப் பிடித்துவிட்டார். தண்ணீரைக் கண்டு பயந்தால் முடிந்தது கதை என்று அவருடைய சம்ஹிதை தெளிவாகவே சொல்கிறது. கடிவாயில் ரத்தத்தை வடித்து, கொதிக்கும் நெய்யால் சுடச் சொன்னார். ஊமத்தையையும் சேர்த்தார். நம் நாட்டு வைத்தியர்கள் அந்த ஊமத்தையைக் கடைசிவரை விடவில்லை. நாய்க்கு வெறியோ இல்லையோ, ஊமத்தை அளவு மீறினால் கடிபட்டவருக்கு நிச்சயம் வெறி. பக்கத்து வீட்டுப் பாட்டி வைத்தியம் தனி: மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி, மஞ்சள். சமையலறையில் கைக்கு எட்டியதெல்லாம் காலுக்குப் போகும். சோப்பு மட்டும் போகாது.

திருச்சிக்குப் பக்கத்திலிருந்து உலகப் புகழ் பெற்ற மருந்து ஒன்றும் கிளம்பியது: தஞ்சாவூர் மாத்திரை. பாம்புக்கடிக்கும் வெறிநாய்க்கடிக்கும் கைகண்டது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர்களே விரும்பிக் கொடுத்தார்கள். உள்ளே என்ன? வெள்ளைப் பாஷாணம், பாதரசம், மிளகு இத்யாதி. விஷத்துக்கு விஷம் என்ற சித்தாந்தம். பேட்ரிக் ரஸ்ஸல் என்ற கம்பெனி டாக்டருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. நாயையும் கோழியையும் பாம்பிடம் கடிக்கவிட்டு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். சொன்ன புகழுக்கு ஏற்ற பலனை அவர் காணவில்லை. 1796-இல் வந்த தன் பாம்புப் புத்தகத்தில் அதையெல்லாம் எழுதிவைத்தார். யார் படித்தார்கள்? மாத்திரை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபக்கம் வெள்ளைக்கார வைத்தியம் கடிவாயில் நைட்ரிக் ஆசிட்டை ஊற்றிக்கொண்டிருந்தது. யார் நாகரிகம் உசத்தி என்பதை நோயாளியிடம் கேட்டிருந்தால் நாயே தேவலை என்றிருப்பார்.

இத்தனை மருந்துக்கும் பேர் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. தப்பித்தவர் எதைச் சாப்பிட்டிருந்தாரோ அது மருந்தாகிவிடும். செத்தவர் வந்து மறுப்பு அறிக்கை விடப்போவதில்லை.

இந்தக் கிருமிக்கு அவசரம் என்பதே கிடையாது. கடித்த இடத்துச் சதையில் கொஞ்ச நாள் குடியிருக்கும். பிறகு ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு, நாளுக்குச் சில சென்டிமீட்டர் என்று மூளையைப் பார்த்து நகரும். எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் பாசஞ்சர் வண்டி. கணுக்காலில் கடித்தால் தூரம் அதிகம், முகத்தில் கடித்தால் குறைவு. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். மூளையை எட்டிவிட்டால் அப்புறம் பாரிஸ் டாக்டரும் பாலக்கரை மந்திரவாதியும் ஒன்றுதான். ஆக, இந்த நோயின் வரலாறு முழுக்க ஒரே ஒரு கணக்கு: கணுக்காலிலிருந்து மூளைக்குக் கிருமி முதலில் போகுமா, ஊரிலிருந்து ஊசிக்கு ஆள் முதலில் போவாரா?

1885 ஜூலை 6. அல்சாஸிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனைப் பாரிஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லூயி பாஸ்டர் வைத்தியம் படித்தவரல்ல, வேதியியல்காரர். அதனால் ஊசியைப் பிடித்தது வேறொரு டாக்டர். வெறிநோயில் செத்த முயலின் முதுகுத்தண்டை உலர்த்தி, கரைத்து, பையனுக்கு ஏற்றினார்கள். பையன் பிழைத்தான். உலகமே கைதட்டியது. திருச்சியில் கடிபட்டவருக்கு இதனால் என்ன லாபம்? மெட்ராஸ் போய்க் கப்பல் பிடித்து, சூயஸ் தாண்டி, மார்செய்யில் இறங்கி, ரயில் ஏறி, ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துப் பாரிஸில் கையை நீட்டலாம். கணுக்கால் கடியென்றால் கணக்குப்படி கிருமியை முந்திவிடலாம். கையில் காசு இருந்தால். வெள்ளைக்காரச் சிப்பாயைக் கடித்தால் அரசாங்கம் டிக்கெட் எடுத்தது. நம் ஆளைக் கடித்தால் ஊமத்தை எடுத்தது.

இங்கேயே ஒரு நிலையம் திறக்கலாமே என்று பேச்சு எழுந்தபோது, முயல்களைச் சித்திரவதை செய்வதா என்று இங்கிலாந்திலும் இங்கும் எதிர்ப்பு கிளம்பியது. முயலுக்குப் பேச ஆள் இருந்தது. கடைசியில் 1900-இல் திறந்தார்கள். எங்கே? கசௌலியில். இமயமலை அடிவாரத்தில் சிம்லாவுக்குப் போகிற வழி. டேவிட் செம்பிள் என்ற ராணுவ டாக்டர் பொறுப்பு. வடக்கே பட்டாளம் இருந்தது, துரைமார் இருந்தார்கள், குளிர் இருந்தது. தெற்கே நாய்கள்தான் இருந்தன.

உத்திர வீதிக்காரர் ஒருவரை 1901-இல் நாய் கடித்ததாக வைத்துக்கொள்வோம். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமே இருந்தது, ரயிலுக்குக் குறைவில்லை. ஆனால் ஆசாரக்காரர் ரயிலில் கிடைத்ததைச் சாப்பிடுவாரா? துணைக்கு மச்சினர், சமைக்க ஒரு ஆள், வெண்கலப்பானை, அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி. கடித்த நாயைத் தவிர எல்லோரும் வண்டியேறினார்கள். தஞ்சாவூர், மாயவரம், விழுப்புரம், மெட்ராஸ். அங்கிருந்து பாஷை புரியாத ஊர்கள் வழியாகக் கால்கா. அப்புறம் மலை. 2,500 கிலோமீட்டருக்கு மேல். மார்கழிக் குளிருக்கே மப்ளர் சுற்றும் மனிதர் கசௌலி குளிரில் வயிற்றைத் திறந்து காட்ட வேண்டும். நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரத்துக்கும் மேல்.

பலர் போகவில்லை. போக முடியவில்லை. வீட்டுத் திண்ணையிலேயே செத்தார்கள். அதற்காக எந்தக் கோப்பும் திறக்கப்படவில்லை. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்து இறந்தார். பக்கத்தில் ஊசி இல்லை, இருந்த ஒரே இடம் கசௌலி. பாவம், அந்தப் பெண்ணின் சாவில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு வருவது அதற்குப் பிறகு துரைமார்களுக்கு உதித்த ஞானத்தைப் பார்த்துத்தான். தெற்கிலும் நாய் கடிக்கும் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

பணம்? அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். ஹென்றி ஃபிப்ஸ், பிட்ஸ்பர்க் எஃகு வியாபாரத்தில் கார்னகியின் கூட்டாளி. இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், எதற்காவது பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று கர்சன் பிரபுவிடம் ஒரு பெருந்தொகையைக் கொடுத்தார். கர்சன் அதில் பீகாரின் பூசாவில் விவசாய ஆராய்ச்சிக்கு ஒரு பங்கு ஒதுக்கி, இன்னொரு பங்கைக் குன்னூருக்குத் திருப்பிவிட்டார். 1907-இல் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறந்தது. பிரெஞ்சு முறை, அமெரிக்கப் பணம், உள்ளூர் முயல். வெள்ளை அரசாங்கத்தின் பங்கு, யோசிக்க எடுத்துக்கொண்ட இருபத்திரண்டு வருஷம்.

திருச்சியிலிருந்து குன்னூர் சுமார் 300 கிலோமீட்டர். கசௌலியோடு பார்த்தால் பக்கத்துத் தெரு. கரூர் வழியாக ஈரோடு, அங்கே வண்டி மாறி மேட்டுப்பாளையம், அப்புறம் 1899-லிருந்து ஓடிக்கொண்டிருந்த பல்சக்கர மலை ரயில். மலை ரயில் போகிற வேகத்தையும் கிருமி போகிற வேகத்தையும் பார்த்தால் போட்டி கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருந்திருக்கும்.

நாயும் பயணம் போனது. 1903-இல் அடெல்கி நெக்ரி என்ற இத்தாலியர், வெறிநாயின் மூளைச் செல்களுக்குள் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிவதைக் கண்டுபிடித்திருந்தார். பொட்டு இருந்தால் வெறி உறுதி. அதனால் கடித்த நாயை அடித்துக் கொன்றால் மூளையை எடுத்து, கிளிசரினில் போட்டு, பாஸ்டர் நிலையத்துக்குப் பார்சல் அனுப்பும் முறை வந்தது. கடிபட்டவர் மூன்றாம் வகுப்பில், கடித்தவர் பார்சல் வண்டியில், இருவரும் ஒரே ரயிலில் மலையேறும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. கூட்ட நெரிசலைப் பார்த்தால் நாய்க்குத்தான் வசதி.

அடுத்த திருப்பம் 1911. செம்பிள் முயலை விட்டு ஆட்டுக்கு மாறினார். நோய் ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்து, ஃபீனால் விட்டுக் கிருமியைக் கொன்று, ஐந்து சதவீதக் கரைசலாக்கினார். வேலை சுலபம், விலை மலிவு, பாட்டிலில் அடைத்து ஊருக்கு ஊர் அனுப்பவும் முடிந்தது. அதுதான் பெரிய லாபம். நோயாளி மலைக்குப் போவது குறைந்து, மலையிலிருந்து மருந்து ஜில்லா ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று மூன்று தலைமுறை நடுங்கியது இந்தச் செம்பிள் சரக்குக்குத்தான். கெட்டியான கலங்கல் திரவம், பெரிய சிரிஞ்சு, அதைவிடப் பெரிய ஊசி. நேற்றுப் போட்ட இடம் வீங்கியிருக்கும், இன்றைக்கு இரண்டு அங்குலம் தள்ளி. அடங்காத பிள்ளைகளை மிரட்ட பூச்சாண்டியை விட்டுவிட்டு, "தெருவுக்குப் போகாதே, நாய் கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு" என்றால் போதும். சில ஊர்களில் பதினாறு என்பார்கள். பயத்துக்கு ரசீதா கேட்பார்கள்?

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வெங்காயத்தையே வாசல்படி தாண்ட விடாத குடும்பங்கள் ஸ்ரீரங்கத்தில் எத்தனை! அந்த வீட்டு மனிதர்களும் கடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு வந்து, வேஷ்டியைக் கொஞ்சம் இறக்கி, ஐந்து சதவீத ஆட்டு மூளையை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். ஊசி முடியும்வரை பத்தியமாக மோர்சாதம். "அண்ணா, உடம்பு எப்படி இருக்கு?" என்றால், "ஏதோ பெருமாள் கிருபை" என்பார்கள். ஆட்டின் கிருபையை யாரும் சொல்லவில்லை. டாக்டரும் மருந்து எதிலிருந்து வந்தது என்று வாய் திறக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு நாசூக்கான ஒப்பந்தம் வேறு கிடையாது.

குன்னூரில் இன்னொரு கூத்தும் நடந்தது. அதே பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் சத்துணவு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இந்தியாவில் எந்த ஊர்ச் சாப்பாடு உசத்தி என்று பார்க்க, 1920-களில் எலிகளைப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர், ஒன்றுக்கு மராட்டியர், ஒன்றுக்கு வங்காளி, ஒன்றுக்கு மதராஸி என்று போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய் தின்ற சீக்கிய எலி கொழுகொழுவென்று முதலிடம். தீட்டிய அரிசி தின்ற மதராஸி எலி நோஞ்சானாகக் கடைசி இடம். நம் எலிக்காக அன்று சட்டசபையில் யாரும் கேள்வி எழுப்பவில்லை என்பது வருத்தம். அந்த ஆராய்ச்சிக்கூடம் பின்னால் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. சாப்பாடு அங்கே நல்லது என்பதாலும் இருக்கலாம்.

ஆட்டு மூளைக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. மூளைத் திசுவை உடம்புக்குள் செலுத்தினால் உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சொந்த நரம்பையே தாக்கக்கூடும். சில ஆயிரத்தில் ஒருவருக்குப் பக்கவாதம், சிலருக்கு அதைவிட மோசம். நாய்க்கு வெறியே இல்லாமல் ஊசியால் போனவர்களும் உண்டு. இதற்கு மாற்றாக, மூளையே இல்லாமல் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த செல்களில் தயாராகும் தடுப்பூசி 1970-களிலேயே வந்துவிட்டது. டெஹ்ரானில் 1970-களின் நடுவில், வெறி பிடித்த ஓநாய்களும் நாய்களும் கடித்த 45 பேருக்குப் போட்டார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். மூளை மருந்தை நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 1980-களிலேயே சொல்லிவிட்டார்கள். நம் நாடு நிறுத்தியது 2004 டிசம்பரில். இடைப்பட்ட சுமார் இருபது வருஷமும் காசுள்ளவர் பிரைவேட்டில் கையில் போட்டுக்கொண்டார், இல்லாதவர் வயிற்றைக் காட்டினார். பணக்கார நாடுகளில் வெறிநாய்க்கடியால் சாவு அநேகமாக இல்லை. அதனால் மலிவு மருந்து தேட எந்தக் கம்பெனிக்கும் மனசு வரவில்லை. உலகத்தில் வருஷத்துக்கு 59,000 பேர் சாகிறார்கள் என்ற மதிப்பீடு இருந்தும், இதற்குப் பெயர் 'புறக்கணிக்கப்பட்ட' நோய். எலி மூத்திரத்தில் வரும் லெப்டோவும், பன்றியிலிருந்து கொசு வழியாக வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் இதே கிராமத்து வகையறா. ஜப்பானியக் காய்ச்சலை இந்தியாவில் முதலில் அடையாளம் கண்டது 1955-இல் நம் வேலூர்ப் பக்கம். பெயர்ப் பலகை மட்டும் ஜப்பானுக்கு.

மருந்தை விட்டு நாயைப் பிடிப்போம் என்ற கட்சியும் பழையது. மெட்ராஸ் மாநகராட்சி 1860 முதல் தெருநாய்களைக் கொன்றுவந்தது. கொல்லக் கொல்ல நாய் குறையவில்லை. காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய் குடிவரும், குட்டி போடும். கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விட்டுவிடுங்கள் என்று ப்ளூ கிராஸ்காரர்கள் 1964-இல் சொன்னார்கள். மாநகராட்சி சட்டென்று ஒப்புக்கொண்டது, 1990-களின் நடுவில். எழுபது சதவீத நாய்களுக்கு ஊசி போட்டால் வெறி பரவாது என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. திருச்சியிலும் கோணக்கரையில் நாய்களுக்கு அறுவைசிகிச்சைக் கூடம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் டெல்லி நாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. பதினோரு நாள் கழித்து, ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று திருத்தியது. மெட்ராஸுக்கு நூற்று முப்பது வருஷம் பிடித்த பாடத்தை டெல்லி பதினோரு நாளில் முடித்துவிட்டது.

இன்றைக்குத் திருச்சி பெரியாஸ்பத்திரியில் ஊசி இலவசம். வயிறு தப்பித்தது, புஜத்தில், தோலுக்குள்ளேயே, சின்னஞ்சிறு ஊசி. கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அதற்கு முன்னால் பைப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும். கிருமியின் மேல்தோல் கொழுப்பு, சோப்பில் கரைந்துவிடும். ஊமத்தையும் பாஷாணமும் செய்யாததைப் பத்து ரூபாய் சோப்பு செய்கிறது. கடித்த நாய் பத்து நாள் உயிரோடு நன்றாக இருந்தால் பயமில்லை என்று இன்னொரு விதியும் உண்டு. நல்ல விதிதான். ஆனால் அதனால் கடிபட்டவர் பத்து நாளைக்குக் கடித்த நாயின் உடல்நலத்தில் பெற்றவர்களைவிட அதிக அக்கறை காட்ட வேண்டியிருக்கிறது. அம்மாமண்டபம் ரோட்டு டீக்கடையில் ஒரு நாள் காதில் விழுந்தது:

"என்னண்ணே, ஏழாம் நாள் ஊசிக்குப் போகலையா?"

"எதுக்குப்பா? அதோ பாரு, படுத்திருக்கு. காலையில ரெண்டு பன்னு வாங்கிப் போட்டேன், முழுசாத் தின்னுச்சு. அதுக்கே ஒண்ணும் ஆகலை, எனக்கு என்ன ஆகப்போவுது?"

"கடிச்சது இதுதானாண்ணே?"

"செவலை நாய்தான்யா. எனக்குத் தெரியாதா?"

"இந்தத் தெருவுல செவலை நாலு இருக்கேண்ணே."

அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோ தேடினார்.